காத்திருக்க முடிந்தவருக்கே விலை

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று அந்தக் கூட்டம் பல மடங்காகப் பெருகும். இத்தனை பேருக்கும் இட்லியும் பொங்கலும் சாம்பார் சாதமும் வேண்டும். அண்ணாமலையாருக்கு மாலை வேண்டும். அர்ச்சனைத் தட்டுக்குத் தேங்காயும் வாழைப்பழமும் வேண்டும். ஊரைச் சுற்றியிருப்பதோ விவசாய பூமி. 1989இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்து உருவாக்கிய இந்த மாவட்டத்தில் நெல், கரும்பு, இந்தப் பக்கத்து மக்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை, காய்கறி, சாமந்தி, மல்லிகை எல்லாமே விளைகின்றன. ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் கிடைக்கின்றன. ஆரணி அரிசிக்கும் களம்பூர் அரிசிக்கும் சென்னை மளிகைக் கடைகளில் தனி மதிப்பு உண்டு. வாங்க ஆள் தேடி அலைய வேண்டாத ஊர் இது. அப்படியிருக்க, இந்த வயல்களில் உழைக்கிறவர்கள் கையில் ஓரளவாவது பணம் சேர்ந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்த கையோடு நகையை அடகுக் கடையில் வைக்கும் குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன என்றால், விளைச்சலும் தேவையும் மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை என்றுதான் பொருள்.

நாடு முழுவதற்குமான கணக்கு இந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரையிலான காலத்துக்கு எடுத்த கணக்கின்படி, இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய்தான். கூலி வேலையிலிருந்து வந்தது 4,063 ரூபாய். தன் நிலத்தில் பாடுபட்டுக் கிடைப்பதைவிட வெளியே கூலிக்குப் போய்க் கிடைப்பது அதிகம். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் இன்னொரு பக்கத்தைக் காட்டின. தக்காளிக்கு நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு, வாழைப்பழத்தில் 31 காசு. அதே ஆய்வு வரிசையில் பாலுக்கு ஏறத்தாழ 70 காசும் முட்டைக்கு 75 காசும் உற்பத்தியாளருக்குக் கிடைப்பதாகத் தெரியவந்தது. எல்லாமே விவசாயப் பொருள், எல்லாவற்றையும் வாங்குவது ஒரே நுகர்வோர். ஆனாலும் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. இந்த வேறுபாடு ஏன் என்று கேட்டால்தான் சந்தை எப்படி இயங்குகிறது என்பது பிடிபடும்.

வழக்கமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது: இடைத்தரகர் கொள்ளையடிக்கிறார். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மை. அறுவடையான காய் தோட்டத்திலிருந்து தட்டுக்கு வர யாரோ மூட்டை கட்ட வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும், சுமைக்கூலி கொடுக்க வேண்டும், தரம் பிரிக்க வேண்டும், அழுகியதைத் தூக்கிப்போட்டு அந்த நட்டத்தைத் தாங்க வேண்டும். மாட வீதியின் ஓரத்தில் கூடை வைத்துக் கீரை விற்கும் பெண்ணும் ஒரு வகையில் இடைத்தரகர்தான். அவர் ஒரு கட்டுக்கு இரண்டு ரூபாய் சேர்த்து விற்பதால் எந்த உழவரும் ஏழையாகிவிடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பார்பரா ஹாரிஸ்-ஒயிட், 1970களிலிருந்து ஆரணியையும் அதைச் சுற்றிய ஊர்களையும் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தவர். ஒரே சிறு நகரத்தின் வணிகத்தை இத்தனை பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த ஆய்வுகள் உலகத்திலேயே அரிது. சந்தையில் வியாபாரிகள் ஏராளம். ஆனால் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். முதலும் கிட்டங்கியும் ஆலையும் லாரியும் கொண்ட சிலரிடமே சரக்கும் லாபமும் குவிகின்றன. அவருடைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது இதைத்தான். ஆகவே வியாபாரம் செய்வதே குற்றம் என்று பேசுவது விஷயத்தைத் திசைதிருப்பிவிடும். அந்தச் சிலரிடம் இருந்து மற்றவர்களிடம் இல்லாதது எது என்பதுதான் கேள்வி.

அவர்களிடம் இருப்பது காத்திருக்கும் சக்தி. இன்று விலை சரியில்லை என்றால் நாளைக்கு விற்கலாம், தை மாதம் வாங்கியதை ஆடியில் அரைக்கலாம் என்று உட்கார்ந்திருக்க அவர்களால் முடியும். உழவரால் முடியாது. அவருக்கும் சந்தைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு அடிப்படையில் கால அவகாசத்தின் ஏற்றத்தாழ்வு. அறிவு, பேரம் பேசும் திறமை, படிப்பு, கைப்பேசியில் வரும் விலைத் தகவல் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான். ஆரணியில் இன்று என்ன விலை, செஞ்சியில் என்ன விலை என்பது இப்போது எல்லா உழவருக்கும் தெரியும். தெரிந்தாலும், இன்றே விற்றாக வேண்டியவருக்கு அந்தத் தகவலால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

நெல்லை எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். இப்போது அறுவடை பெரும்பாலும் இயந்திரத்தில்தான். முன்பு ஆள் வைத்து அறுத்து, கட்டு கட்டி, களத்தில் போட்டு அடித்து, தூற்றி, காயவைப்பதற்குள் பல நாள் ஆகும்; அதற்குள் நெல்லின் ஈரம் தானாகவே குறையும். இயந்திரம் ஒரே நாளில் வேலையை முடித்து ஈர நெல்லைக் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. பக்கத்து வயல், அடுத்த ஊர் என எல்லோருடைய நெல்லும் ஒரே வாரத்தில் வந்து குவிகிறது. அரசுக் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழைக்காலங்களில் தமிழக அரசு கேட்டுக்கொண்டால் மத்திய அரசு சில நேரம் அதைத் தளர்த்தும். காயவைக்கக் களம் வேண்டும். களம் இல்லாதவர் சாலையில் நெல்லைப் பரப்புகிறார். வேலூர் சாலையிலும் அவலூர்பேட்டைச் சாலையிலும் பாதித் தாரை நெல் மூடியிருப்பதைப் பார்த்து வண்டியோட்டிகள் எரிச்சலடைவது உண்டு. போக்குவரத்துக்கு அது இடைஞ்சல்தான். ஆனால் ஒரு மாவட்டமே தன் பிரதான பயிரைத் தார்ச்சாலையில் காயவைக்கிறது என்றால், அதற்கு வேண்டிய இடத்தை யாரும் கட்டித் தரவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. மேகம் கறுத்தால் அன்றைக்கே, மண்டிக்காரர் சொல்லும் விலைக்கு நெல் போய்விடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணைக் கரையோர வயல்கள் மூழ்கின. அப்படிப்பட்ட ஒரு பருவத்தைக் கண்டவருக்கு அடுத்த பருவத்தில் காத்திருக்கத் துணிவு எங்கிருந்து வரும்?

கடன் இந்த அவசரத்தை இன்னும் இறுக்குகிறது. விதைக்கும் உரத்துக்கும் மண்டியில் முன்பணம் வாங்கியவர் அறுவடையை அந்த மண்டியில்தான் போட வேண்டும். எழுதாத ஒப்பந்தம் அது. மீறினால் அடுத்த பருவத்துக்கு முன்பணம் கிடைக்காது. இதில் வட்டி தனியாகத் தெரியாது. எடையில் கொஞ்சம், விலையில் கொஞ்சம், கமிஷனில் கொஞ்சம் எனக் கரைந்து போகும். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பொருளியலாளர் எஸ். ஜனகராஜன், வட ஆற்காட்டுக் கிராமங்களில் கடனும் விளைபொருள் விற்பனையும் இப்படி ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை 1990களின் தொடக்கத்திலேயே எழுதினார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியவர் நிலை இதைவிட மேல்தான். ஆனால் அங்கும் உரிய நாளில் கட்டினால்தான் வட்டி இல்லை. தமிழ்நாட்டில் பயிர்க்கடனுக்கான வட்டியை அரசே ஏற்கும் அந்தச் சலுகை நல்ல சலுகை. அதை இழக்கக் கூடாது என்ற பயமே அறுவடை விலை மிகக் குறைவாக இருக்கும் வாரங்களில் நெல்லை விற்க வைக்கிறது. ஒரு கையால் கொடுத்த சலுகையில் ஒரு பகுதி மண்டி விலை வழியாக வியாபாரிக்குப் போய்ச் சேர்கிறது.

‘குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறதே, நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறதே?’ என்று கேட்பது நியாயம். இருக்கிறது, அதன் பயனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2025–26 பருவத்துக்குத் தமிழக அரசு தன் ஊக்கத்தொகையையும் சேர்த்துப் பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் அறிவித்தது. அதாவது 75 கிலோ மூட்டை ஒன்றுக்குக் குறைந்தது 1,875 ரூபாய். வெளிச் சந்தை இதற்குக் கீழே போகும்போது, நிலையம் திறந்திருக்கும் ஊரில் தனியார் விலையும் கொஞ்சம் உயர்வதைப் பார்க்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிலையம் திறப்பதற்குள் பாதி அறுவடை முடிந்துவிடுகிறது. பதிவு செய்து, முறை வரும்வரை மூட்டைகளோடு காத்துக் கிடக்க வேண்டும். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று எடை நின்றுபோகும். மூட்டைக்கு இத்தனை ரூபாய் எனக் கையூட்டு கேட்பதாகவும், வியாபாரிகள் விவசாயிகளின் ஆவணங்களைப் பயன்படுத்தித் தங்கள் நெல்லைத் தள்ளுவதாகவும் புகார்கள் ஆண்டுதோறும் எழுகின்றன. சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள் என்பதால், வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்பவரும் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ பட்டா உள்ள பெண்ணும் வாசலிலேயே தடுமாறுகிறார்கள். 1969லேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் போட்ட மாநிலம் இது. ஆனால் குத்தகைதாரர் பெயரைப் பதிய நில உரிமையாளர் எளிதில் சம்மதிப்பதில்லை. நாட்டளவில், 2015இல் அறிக்கை கொடுத்த சாந்தகுமார் குழு, அரசு முகமைகளுக்கு ஆதரவு விலையில் விற்ற விவசாயிகள் சுமார் 6 சதவீதம்தான் என்று சொன்னது. தமிழகத்தில் நெல் உழவர்களின் நிலை அந்தச் சராசரியைவிட மேலாக இருக்கலாம். நிலக்கடலைக்கு அந்த வசதியும் கிடையாது. காகிதத்தில் ஆதரவு விலை உண்டு, வாங்கும் தராசு பக்கத்தில் இல்லை.

விலையைச் சட்டமே நிர்ணயித்தாலும் காலம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கரும்பில் பார்க்கலாம். கரும்புக்கு விலை உண்டு, வாங்கக் கடமைப்பட்ட ஆலை உண்டு. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு ஒப்படைத்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்கிறது. இந்த மாவட்டத்துக் கரும்பு விவசாயிகளோ தனியார் ஆலைகளின் நிலுவைக்காக ஆட்சியர் அலுவலக வாசலில் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. வெட்டிய கரும்பு ஒரு நாள் தாமதித்தாலும் எடையும் சாறும் குறையும். அதனால் உழவர் உடனே கொடுத்தாக வேண்டும். பணமோ எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆலைக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர் அந்த உழவர். இதைக் கடன் என்று எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை.

பால் விஷயத்துக்கு இங்கேதான் வர வேண்டும். காத்திருப்பதே பிரச்சினை என்றால் பால் உற்பத்தியாளர்தான் எல்லோரையும்விட மோசமாக இருக்க வேண்டும். நெல் ஒரு வருடம் கிடக்கும், தக்காளி சில நாள் தாங்கும். பால் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். அப்படியும் நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் பாலுக்கு எழுபது காசு கிடைக்கிறது. காரணம், அந்தத் துறையில் காத்திருக்கும் வசதியைத் தனி மனிதர் தலையில் போடாமல் ஒரு அமைப்பாகக் கட்டினார்கள். 1946இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய கூட்டுறவு, 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தால் நாடெங்கும் பரவியது. ஊருக்கு ஊர் சங்கம், கொழுப்பைச் சோதித்துக் கொடுக்கும் விலை, குளிரூட்டும் நிலையம், மிஞ்சிய பாலைப் பவுடராக்கும் ஆலை. இத்தனையும் உழவருக்காகக் காத்திருக்கின்றன. உழவர் காலையில் பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆவின் சங்கத்துக்கு ஊற்றாமல் தனியாருக்கு ஊற்றுபவருக்கும் ஆவின் விலை ஒரு அடித்தளமாக இருக்கிறது. இதை மிகைப்படுத்திவிடவும் கூடாது. ரூபாயில் எழுபது காசு என்பது பங்கு, லாபம் அல்ல. தீவனமும் வைக்கோலும் விலை ஏற, 2023 மார்ச்சில் தமிழகப் பால் உற்பத்தியாளர்கள் கொள்முதல் விலையை உயர்த்தக் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. ஆனால் அவர்களுக்குப் போராட ஓர் இடம் இருந்தது, பேச ஓர் ஆள் இருந்தார். தக்காளிக்காரர் யாரிடம் போய்ப் பேசுவார்?

காய்கறிக்குத் தமிழகம் கண்ட விடை உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையை முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். பஞ்சாபின் அப்னி மண்டியும் அதே ஆண்டு தொடக்கத்தில் வந்த ஆந்திரத்தின் ரைத்து பஜாரும் இதற்கு முன்னோடிகள். விவசாயிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை, வாடகையில்லாத கடை, எடைக்குத் தராசு, காய்களோடு பேருந்தில் வர வசதி. விலையோ மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடவும், சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் குறைவாகவும். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஆதாயம் தரும் இந்தக் கணக்கு எளிமையானது, அழகானது. ஆட்சி மாறியபோது கவனிப்பாரற்றுக் கிடந்ததும், மறுபடி உயிர்பெற்றதும் அதன் வரலாறு. திருவண்ணாமலையிலும் உழவர் சந்தை நடக்கிறது. தலைச்சுமையாகவும் இருசக்கர வண்டியிலும் காய் கொண்டுவருகிற சிறு விவசாயிக்கு அது உண்மையான உதவி. எனினும் அதன் எல்லை அதன் வடிவத்திலேயே இருக்கிறது. ஒரே நாளில் ஒரு டன் கத்தரிக்காய் பறிக்கிறவர் அத்தனையையும் காலை நேரத்துக்குள் கிலோ கிலோவாக விற்க முடியாது. விற்க உட்காரும் நேரத்தில் தோட்ட வேலை நிற்கும். மிஞ்சிய காயை மதியம் மண்டிக்காரர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். சந்தைக்குள்ளேயே சிறிய குளிர்ப்பதனக் கிடங்கு ஒழுங்காக இயங்கினால், மறுநாள் காலைவரை பொறுக்க முடிகிற ஒரே காரணத்தால் அந்த மதிய விலை மாறும்.

மறுபக்கத்திலிருந்து வரும் வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கட்டுப்பாடுகளை நீக்கி, யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விட்டால் போட்டி பெருகி விலை தானாக உயரும் என்பது அந்த வாதம். 2020 செப்டம்பரில் நிறைவேறி, டெல்லி எல்லையில் ஓராண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட வேளாண் சட்டங்களின் ஆதரவாளர்கள் இதைத்தான் சொன்னார்கள். இதைச் சோதிக்கப் பீகார் இருக்கிறது. 2006லேயே அந்த மாநிலம் விளைபொருள் விற்பனைக் குழுச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. கட்டுப்பாடு போனது, ஆனால் புதிய சந்தைகளைக் கட்ட யாரும் வரவில்லை, இருந்த வளாகங்களும் சிதைந்தன. ஆதரவு விலைக்குக் கீழே நெல்லை விற்கும் நிலை அங்கே நீடித்தது. தமிழகத்திலோ சட்டம் பெரிய தடையாக இருந்ததே இல்லை. வயலுக்கே வந்து வியாபாரி வாங்குவது இங்கே சர்வசாதாரணம். அந்தச் சுதந்திரம் உழவருக்கும் உண்டு. அதைப் பயன்படுத்தும் அவகாசம்தான் இல்லை. ஓட முடியாதவருக்குத் திடலை அகலமாக்கிக் கொடுப்பதால் பயனில்லை.

உழவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் நகரத்து ஏழை அரிசிக்கும் தக்காளிக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்குமே என்ற கவலை இதைவிடக் கனமானது. அதை ஒதுக்கித் தள்ள முடியாது. நிலமற்ற கூலித் தொழிலாளி கிராமத்திலும் அரிசி வாங்கித்தான் சாப்பிடுகிறார். ஆனால் காத்திருக்க முடியாமையால் உண்டாகும் விலைச் சரிவு நுகர்வோருக்கு வந்து சேர்வதில்லை. அறுவடை வாரத்தில் நெல் விலை சரியும்போது மளிகைக் கடையில் அரிசி விலை அதே அளவுக்குச் சரிகிறதா? தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டும் அதே மாதத்தில் ஓட்டல் சாம்பாரின் விலை குறைகிறதா? இரண்டு விலைக்கும் நடுவில் அகலும் அந்த இடைவெளி வாங்கி வைக்க வசதியுள்ளவரின் கிட்டங்கியில் தங்கிவிடுகிறது. சில மாதம் கழித்துத் தட்டுப்பாடு வரும்போது நுகர்வோர் அதற்கும் சேர்த்துக் கொடுக்கிறார். சரக்கைத் தாங்கி வைக்கும் வசதி பலரிடம் பரவினால், அறுவடைக் காலத்துப் பள்ளமும் பஞ்ச காலத்து மேடும் இரண்டுமே தணியும்.

இதற்கான கருவி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. 1933இல் சென்னை மாகாண வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி 1936இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் தொடங்கியது. இன்று திருவண்ணாமலை, சேத்துப்பட்டு, போளூர், ஆரணி, வந்தவாசி என மாவட்டம் முழுவதும் விற்பனைக் கூடங்கள் இருக்கின்றன. அங்கே மறைமுக ஏலம் நடக்கிறது, உழவரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது, சரியான எடை. பருவத்தில் சேத்துப்பட்டுக் கூடத்தில் குவியும் நெல்லைப் பார்த்தால், உழவர்கள் இந்த அமைப்பை நம்பத் தயங்கவில்லை என்பது தெரியும். ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வசதியும் அங்கே இருக்கிறது: பொருளீட்டுக் கடன். விளைபொருளைக் கிடங்கில் வைத்துவிட்டு அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை, 3 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள், ஆறு மாதத்துக்கு 5 சதவீத வட்டியில் கடன் வாங்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குவிண்டால் 2,500 ரூபாய் என 40 குவிண்டால் நெல்லை வைக்கிறவருக்கு அதன் மதிப்பு ஒரு லட்சம். கையில் உடனே 75,000 ரூபாய் வரும். மண்டிக்காரருக்கும் சங்கத்துக்கும் கட்ட வேண்டியதைக் கட்டலாம். ஆறு மாத வட்டி 1,875 ரூபாய். அந்த ஆறு மாதத்தில் நெல் விலை குவிண்டாலுக்கு 47 ரூபாய் உயர்ந்தாலே வட்டி கழிந்துவிடும். கிடங்கு வாடகைக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் உழவருடையது. இதே கணக்கைத்தான் பெரிய வியாபாரி காலங்காலமாகப் போட்டு வருகிறார்.

விலை ஏறாமல் இறங்கினால்? அதுவும் நடக்கும். சில ஆண்டுகளில் இறக்குமதிக் கொள்கையோ ஏற்றுமதித் தடையோ எல்லாக் கணிப்பையும் தலைகீழாக்கும். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு விதித்த தடை அதற்கு ஓர் உதாரணம். ஆகவே எல்லோரும் நெல்லைக் கிடங்கில் வைத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. பாதியை உடனே விற்று, பாதியை வைக்கலாம். எவ்வளவு வைப்பது என்ற முடிவு மேகத்திடமும் முன்பணம் கொடுத்தவரிடமும் இல்லாமல் உழவரிடம் இருக்க வேண்டும். இப்போது இந்த வசதி எட்டாமல் இருப்பதற்குக் காரணம் உழவரின் அறியாமை என்று சொல்லிக் கைகழுவுவதும் சரியல்ல. தமிழகத்தில் ஒரு விவசாயியின் நில உடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பத்து மூட்டை உபரிக்காக நாற்பது கிலோமீட்டர் வண்டி பிடித்து, காய்ந்த நெல்லைக் கொண்டுபோய், இரண்டு நாள் கூலியை இழந்து கடன் வாங்குவது யாருக்கும் கட்டாது. ஈர நெல்லை ஏற்கும் உலர்த்தும் இயந்திரமும் சிமெண்டுக் களமும் சிறு கிடங்கும் ஊராட்சி அளவில் வந்தால்தான் அந்த 5 சதவீத வட்டிக்குப் பொருள் உண்டு. இந்த மாவட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல பதிவாகியிருக்கின்றன. அவற்றுக்குக் கொடுக்கும் மானியத்தில் பெரும் பகுதி இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு பக்கம், நிச்சயமாக வாங்கும் ஆள். காய்கறிக்கும் பூவுக்கும் கிடங்கு ஓரளவுக்குத்தான் உதவும். அவற்றுக்கு வேண்டியது முன்கூட்டியே தெரிந்த தேவை. கேரளம் 2020 நவம்பர் முதல் 16 காய்கறிகளுக்கு உற்பத்திச் செலவைவிட 20 சதவீதம் அதிகமாக அடிப்படை விலை அறிவித்தது. நல்ல முயற்சி, ஆனால் கேரளம் காய்கறிக்குத் தமிழகத்தை நம்பியிருக்கும் மாநிலம், அங்கே அளவு சிறியது. இங்கே பொருந்தக்கூடியது பிரேசில் செய்தது. 2009இல் அந்த நாடு போட்ட சட்டம், பள்ளி உணவுக்கான மத்திய அரசு நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் நேரடியாக வாங்கச் செலவிட வேண்டும் என்றது. கூடுதல் மானியம் எதுவும் இல்லை. எப்படியும் வாங்கப்போகும் பொருளை யாரிடம் வாங்குவது என்பது மட்டும் மாறியது. திருவண்ணாமலையில் இத்தகைய நிச்சயத் தேவை கண்ணெதிரே இருக்கிறது. அருணாசலேசுவரர் கோயிலில் 2022 டிசம்பர் 31 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. மாவட்டம் முழுவதும் சத்துணவுக் கூடங்கள், காலை உணவுத் திட்டம், ஆதிதிராவிடர் மற்றும் பிற்படுத்தப்பட்டோர் விடுதிகள், அரசு மருத்துவமனை. எந்த நாளில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள், எந்தப் பௌர்ணமிக்கு எவ்வளவு கூடும் என்பது இந்த நிர்வாகங்களுக்கு ஆண்டின் தொடக்கத்திலேயே தெரியும். ஜவ்வாது மலையின் சாமையையும் கீழ்ப்பென்னாத்தூர், செங்கம் பக்கத்துக் காய்கறிகளையும் உழவர் குழுக்களிடம் முன்கூட்டியே விலை பேசி, வாரந்தோறும் பணம் கொடுத்து வாங்க இவர்களால் முடியும். தரம் சீராக இருக்காது, கணக்குத் தணிக்கையில் கேள்வி வரும், குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கே தர வேண்டும் என்ற விதி குறுக்கே நிற்கும் என்பார்கள். முதலிரண்டும் பழகினால் சரியாகும்; பால் சங்கங்களிலும் ஆரம்பத்தில் இதே குறை சொல்லப்பட்டது. மூன்றாவதற்கு, கொள்முதல் விதியில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கும் அரசாணை போதும். அந்த ஆணையைச் செயல்படுத்த வேண்டியவை வேளாண் வணிகத் துறையும் அறநிலையத் துறையும் சமூக நலத் துறையும். மூன்றும் ஒரே அரசின் துறைகள். மாவட்டத்தில் மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு இருக்கிறது.